பூசத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டவள்

கலைவாணி போய்விட்டாள் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் பழைய சாரதி சிவலிங்கம். நான் சாவகச்சேரியில் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் எடுத்தவுடன் "மிஸ், சொகமா இருக்கீங்களா" என்று கேட்கிற மனிதர் அவர். அன்று கேட்கவில்லை. "நம்ம கலை மிஸ் போயிட்டாங்க" என்றார். எந்தக் கலை என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அவரும் அதைப் புரிந்துகொண்டு, "நம்ம ஹட்டன் ஆபீஸ் கலை மிஸ்தான்" என்று மெல்லச் சொன்னார். சில மாதங்களாகச் சுகமில்லாமல் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நாற்பது வயதில் ஒருத்தி சுகமில்லை என்றால் சுகமாகி வருவாள் என்றுதான் நினைப்போம். நானும் அப்படி நினைத்துக்கொண்டு, அடுத்த மாதம் போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

இதை அவளோடு ஹட்டனில் வேலை செய்த உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். "அவர்" என்று மரியாதையாக எழுதத்தான் தொடங்கினேன். இரண்டு வரி போனதும் யாரோ முன்பின் தெரியாத அதிகாரியைப் பற்றி எழுதுவது போல இருந்தது. ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். கலை கோபிக்க மாட்டாள். அவளுக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான், பிழையான திகதி. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது.

எங்கள் அலுவலகத்தை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. அது ஒரு சிறிய தொண்டு நிறுவனம். தோட்டங்களில் உள்ள கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி, ஆபத்து உள்ளவர்களைப் பிரசவத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே வாகனம் அனுப்பி நகரத்து வைத்தியசாலையில் சேர்ப்பது எங்கள் வேலை. அதற்கு நான் பொறுப்பாக இருந்தேன். கலை கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரவியல் படித்துவிட்டு எங்களிடம் தரவு அலுவலராக வந்தாள். வந்த முதல் கிழமையே எனக்கும் அவளுக்கும் சண்டை. நான் யாழ்ப்பாணத்து ஆள், அட்டவணையின் தலைப்பில் "திகதி" என்று எழுதுவேன். அவள் "தேதி" என்று எழுதுவாள். கடைசியில் ஒரே கோப்பில் இரண்டு தலைப்பும் வந்து, கணினி அவற்றை வேறு வேறு விஷயம் என்று எடுத்துக்கொண்டது.

"உமக்கு என்ன, திகதி எண்டு எழுத ஏலாதே?" என்று நான் சீறினேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். "இல்ல மிஸ், நீங்க என்னைய நீர், உமக்குன்னு சொல்றப்ப நாடகத்துல ராஜா பேசுற மாதிரி இருக்கு. கோவமே வர மாட்டேங்குது" என்றாள். அதற்குப் பிறகு நான் எத்தனை தரம் அவளை ஏசியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தரமும் பலித்ததில்லை.

அவள் வேலை செய்தது ஆர் என்கிற புள்ளிவிவர நிரல்மொழியில். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் அவளுக்குப் பக்கத்து மேசை என்பதால், அந்த மொழிக்குத் திகதி என்பது எவ்வளவு பெரிய தலையிடி என்பதை இருந்த இடத்திலேயே கற்றுக்கொண்டேன். நாம் 03/02 என்று எழுதினால் அது கணினிக்கு வெறும் எழுத்துத்தான். எது நாள், எது மாதம், எது ஆண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆண்டு நான்கு இலக்கத்தில் இருந்தால் ஆங்கிலத்துப் பெரிய "வை" எழுத்து, இரண்டு இலக்கத்தில் இருந்தால் சின்ன "வை". ஒரு முறை இரண்டு இலக்க ஆண்டுக்கு யாரோ பெரிய வையைப் போட்டுவிட்டார்கள். இறம்பொடைப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கிறிஸ்து பிறந்து இருபத்துச் சொச்சம் ஆண்டில் கர்ப்பமாக இருந்ததாகக் கணினி காட்டியது. அன்றைக்கு முழுவதும் அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் "பெரிய வையா, சின்ன வையா" என்பதுதான் பதில்.

இன்னொரு முறை, ஒரு தோட்டத்திலிருந்து வந்த எக்செல் கோப்பில் குழந்தைகளின் பிறந்த திகதி இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தையாயிரத்துச் சொச்சம் என்று எண்கள் நின்றன. கோப்புப் பழுதாகிவிட்டது, திரும்ப அனுப்பச் சொல்லும் என்றேன்.

"பழுதெல்லாம் இல்ல மிஸ். இது தேதியோட லயத்து நம்பர். எந்த முனையிலருந்து எண்ணிக்கிட்டு வந்தாங்கன்னு தெரிஞ்சா வீட்டக் கண்டுபுடிச்சிரலாம்" என்றாள். தோட்டத்துத் தொழிலாளரின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பார்கள்.

எக்செல் 1899ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு வருகிறதாம். ஆர் 1970இலிருந்து எண்ணுகிறதாம். எண்ணத் தொடங்கிய இடத்தைச் சொல்லாமல் மாற்றினால் என்ன ஆகும் என்று செய்து காட்டினாள். அந்தக் குழந்தைகள் எல்லாம் இந்த நூற்றாண்டின் கடைசியில் பிறக்க இருந்தார்கள். "இதுகளுக்கு ஊசி போட நம்ம யாரும் இருக்க மாட்டோம் மிஸ்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கோப்பு வந்தாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், திகதிகளை மாற்றி முடித்தவுடன் அவற்றில் ஆக முந்தியதையும் ஆகப் பிந்தியதையும் திரையில் காட்டச் சொல்லிப் பார்ப்பாள். "மொத தேதியையும் கடைசி தேதியையும் கூப்புட்டு நிக்க வச்சா பாதிப் பொய் அங்கயே மாட்டிக்கும்" என்பாள். அது வீண் வேலை என்று நான் பல தரம் முணுமுணுத்திருக்கிறேன். என் முணுமுணுப்பை அவள் கணக்கெடுத்ததே இல்லை. அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது செல்வராணியைப் பற்றி.

ஒரு ஒக்டோபர் மாதம். மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தொண்டர்கள் கையில் கொடுத்த டெப்லட்டுகளில் பதிந்த விவரங்களெல்லாம் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து வந்திருந்தன. ஒவ்வொரு பெண்ணுக்கும் கடைசியாக மாதவிடாய் வந்த திகதி பதியப்படும். அதிலிருந்துதான் பிரசவத் திகதியைக் கணக்கிடுவோம். பிரசவத் திகதியிலிருந்து, யாருக்கு எப்போது வாகனம் அனுப்புவது என்பது முடிவாகும். மாற்றும் நிரலைக் கொழும்பிலிருந்த ஆலோசகர் ஒருவர் எழுதித் தந்திருந்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். வந்த அட்டவணை கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. ஒரு வெற்றிடம்கூட இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

கலைக்குச் சந்தோஷம் இல்லை. ஆர் மொழியில், மாற்ற முடியாத திகதி வந்தால் அந்த இடத்தில் என்.ஏ. என்று விழும். தெரியவில்லை என்று பொருள்.

"மிஸ், ஒரு என்.ஏ. கூட விழல."

"நல்லதுதானே?"

"நம்ம ஊருத் தேதிக்கு இது ரொம்ப நல்லதா இருக்கே" என்றாள். வழக்கம்போல முதல் திகதியையும் கடைசித் திகதியையும் கூப்பிட்டாள். கடைசித் திகதி டிசம்பரில் இருந்தது.

"இன்னும் டிசம்பர் மாசமே வரல மிஸ். வராத மாசத்துல இந்தப் பொண்ணுக்கு எப்புடி வந்துச்சு?"

அப்போதுதான் விஷயம் வெளிச்சமானது. அந்த நிரல் எல்லாத் திகதியையும் முதலில் அமெரிக்க முறையில், மாதம் முன்னால் நாள் பின்னால் என்று படித்துப் பார்த்திருக்கிறது. முன்னால் நிற்பது பன்னிரண்டுக்கு மேல் போனால்தான் அது மாதமாக இருக்க முடியாது என்று கண்டு, நாளை முன்னால் வைத்துப் படித்திருக்கிறது. பெப்ரவரி பதின்மூன்று சரியாக வந்துவிட்டது. 12/02 என்று நின்ற பெப்ரவரி பன்னிரண்டு டிசம்பர் இரண்டாகிவிட்டது. டிசம்பருக்குப் போனவர்களையாவது கண்டுபிடிக்கலாம். மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் போனவர்களைப் பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது.

"பெரட்டுல பேர் கூப்புடுறப்ப ஆள் வரலன்னா ஒன்னும் ஆபத்து இல்ல மிஸ். வரலன்னு தெரிஞ்சிரும். வேற ஆளு அந்தப் பேருக்குக் கை தூக்குனாதான் ஆபத்து. என்.ஏ. வரலன்னு சொல்லுது. இது கை தூக்குது." காலையில் வேலைக்கு முன் தொழிலாளர் கூடிப் பேர் கொடுக்கிற பெரட்டைத்தான் சொன்னாள். எனக்கு அன்று விளங்கியது போல வேறு எந்தப் பாடமும் விளங்கியதில்லை.

எல்லாத் திகதியையும் நாள் முன்னால் என்று திருப்பிப் படித்துவிட்டால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அதிலும் சிக்கல் இருந்தது. சில டெப்லட்டுகள் உண்மையிலேயே மாதத்தை முன்னால் வைத்துத்தான் பதிந்திருந்தன. கலை டெப்லட் டெப்லட்டாகப் பிரித்துப் பார்த்து, எது எந்த வரிசை என்று கண்டுபிடித்தாள். ஒரே ஒரு டெப்லட்டில் மட்டும் இரண்டு வரிசையும் கலந்திருந்தது. இடையில் யாரோ அதன் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். அதிலிருந்த நாலைந்து பெண்களைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டுவிட்டோம். செல்வராணியை மட்டும் பிடிக்க முடியவில்லை.

செல்வராணி பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்தவள். முதல் பிள்ளை அறுவைச் சிகிச்சையில் பிறந்து தங்கவில்லை. இது இரண்டாவது. வலி வந்த பிறகு அந்தப் பாதையில் அவளை இறக்கிக்கொண்டு வருவது நடக்காத காரியம். அவளுடைய பதிவு 03/02. அது பெப்ரவரி மூன்று என்றால் பிரசவம் நவம்பர் பத்து. மார்ச் இரண்டு என்றால் டிசம்பர் ஏழு. எங்கள் பட்டியலில் டிசம்பர் என்றுதான் இருந்தது. கிளினிக் அட்டையைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தப் பிரிவுக்கான மருத்துவிச்சிப் பதவி வெற்றிடமாக இருந்தது. கணவன் கொழும்பில் வேலை. மேற்பிரிவில் தொலைபேசியும் எடுக்காது.

"ரெண்டு நாள் கழிச்சுப் போவம், மழை விடட்டும்" என்றேன்.

"மழ விடாது மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கலை குடையைத் தேடினாள்.

சிவலிங்கம் ஜீப்பைக் கொண்டுபோக முடிந்த மட்டும் கொண்டுபோனார். மிச்சத்தைத் தேயிலை மலைக்குள்ளால் நடந்தோம். நான் இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன். விழுந்த ஒவ்வொரு முறையும் கொழும்பு ஆலோசகரின் பெயரைச் சொல்லித் திட்டினேன். கலை ஒரு கையால் என்னைத் தூக்கி, மறுகையால் அட்டைப்பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள்.

செல்வராணி எங்களைக் கண்டதும் பயந்துபோனாள். கலை ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஊர்க்கதை பேசினாள். பிறகு பேச்சோடு பேச்சாக, கடைசியாக எப்போது வீட்டுக்குத் தூரமாகிக் குளித்தாய் என்று கேட்டாள்.

"தை கடசீலங்க மிஸ்" என்றாள் செல்வராணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலையின் காதில், "தை எண்டால் ஜனவரி. அப்ப ஜனவரி கடைசி. பெப்ரவரியும் இல்லை, மார்ச்சும் இல்லை. மூண்டாவது ஒரு திகதி வருகுது!" என்றேன்.

எங்கள் ஊரில் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி. கடிதத்தின் தலையில்கூட அப்படித்தான் போடுவோம். கலை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"அது உங்க ஊருத் தை மிஸ். எங்க தை பொங்கலன்னைக்குத்தான் பொறக்கும். பெப்ரவரி பாதி வரைக்கும் ஓடும்." என்னிடம் சொல்லிவிட்டுச் செல்வராணியின் பக்கம் திரும்பினாள். "பூசத்துக்கு முன்னயா, பின்னயா?"

"அய்யோ, அத ஏன் கேக்குறீங்க. பூசத்துக்குப் பால்கொடம் எடுக்கிறதா நேந்திருந்தேன். ரெண்டு நாளைக்கு முந்தியே தூரமாயிட்டேன். கோயில் பக்கமே போகல. எங்க மாமியா இன்னம் சொல்லிக் காட்டுது."

அந்த ஆண்டு தைப்பூசம் பெப்ரவரி ஐந்தில் வந்தது. ஐந்தில் இரண்டு போக மூன்று. அப்படியென்றால் பிரசவம் நவம்பர் பத்து. கலை அடுப்பில் எரிந்த விறகை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு, "டீத்தண்ணி குடுக்க மாட்டியா தங்கச்சி?" என்றாள். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு இறங்கினோம். இறங்கும்போது அவள் அழுததை நான் கண்டேன். மழையில் நனைந்த முகத்தை ஏன் திரும்பத் திரும்பத் துடைக்கிறாள் என்று கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் வாகனம் அனுப்பிச் செல்வராணியை நகரத்தில் சேர்த்தோம். நவம்பர் முதல் கிழமையில் மேற்பிரிவுப் பாதையில் மண் சரிந்து, ஜீப் என்ன, ஆளே நடந்து போக முடியாமல் இருந்தது. அதே கிழமையில் அவளுக்கு வலி கண்டு, அறுவைச் சிகிச்சையில் ஆண் குழந்தை பிறந்தது. ஆலோசகருக்குக் கலை விஷயத்தைச் சொன்னபோது, அவர் அன்று மாலையே நிரலைத் திருத்தி அனுப்பி, இரண்டு தரம் நன்றி சொன்னார். நான் மலையில் திட்டிய திட்டுக்களை மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன். கலை அந்த நிரலில் இன்னொரு வரியும் சேர்த்தாள். நாளும் மாதமும் இடம் மாறக்கூடிய திகதி எது வந்தாலும், அந்த டெப்லட்டின் வரிசை நிச்சயமாகத் தெரியாவிட்டால், கணினி தானாக முடிவெடுக்காமல் என்.ஏ. என்று போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பெயரைத் தனியே காட்டும். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும் மிஸ். நம்ம போய்க் கேட்டுக்குவோம்" என்றாள். அந்த வரி இன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

செத்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கலையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிதாகத் திருநீறு. முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. வேறு மாற்றம் இல்லை. நான் சுவரோரம் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். யாரோ வந்து காலைத் தொட்டார்கள். செல்வராணி. இடுப்பில் ஒரு பையன், பெரிய கண்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவள் சொன்னாள்: "மிஸ், ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. அன்னைக்கு அந்த மழையில ரெண்டு பேரும் மேல வரைக்கும் நடந்து வந்தீங்களே, எதுக்கு வந்தீங்க? பூசத்தப் பத்திக் கேட்டாங்க, டீத்தண்ணி குடிச்சாங்க, போயிட்டாங்க. கலை மிஸ்ஸுக்கு ஏதோ வேண்டுதல் போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

கலை அவளிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் மிச்ச நாட்களைப் பயத்தோடு கழிக்கக் கூடாது என்று விட்டிருக்கிறாள். பிறகும் சொல்லவில்லை. அது அவள் சுபாவம்.

"வேண்டுதல் இல்லை அம்மா. ஒரு திகதி சரியோ எண்டு கேக்க வந்தனாங்கள்" என்றேன்.

"ஒரு தேதிக்கா?"

"ஓம்."

"சரியா இருந்துச்சா மிஸ்?"

"இல்லை. நீர் சொன்ன பிறகுதான் சரிவந்தது."

அவள் பையனை இடுப்பிலிருந்து இறக்காமலே கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கலையின் தலைமாட்டுக்குப் போய், அவனுடைய இரண்டு கையையும் தன் கையால் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தாள்.

எனக்கு ஆர் தெரியாது. இனிக் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. எல்லாம் சரி என்று கணினி சொன்ன பிறகும், அந்தத் திகதிக்கு உரிய ஆளை ஒரு முறை நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியும். அது கலை தந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.